சன்சுயு பூக்கட்டும், பார்க்கலாம்

1

எங்கள் வீட்டுக் கேட்டை ஒட்டி நிற்கிற சன்சுயு இந்த வாரம் பூத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு அப்புறம் பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, பூத்துவிட்டதே, இனி உனக்கும் மனசு கொஞ்சம் லேசாகும் என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது. பூக்க வேண்டிய வருடத்தில் மொட்டையாக நின்றுவிட்டு இப்போது பூத்து யாருக்கு என்ன?

சன்சுயு என்றால் என்னவென்று கேட்பீர்கள். நம்ம ஊரில் இதற்குப் பெயர் கிடையாது, ஏனென்றால் நம்ம ஊர் வெயிலில் இது வராது. ஆள் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போகிற புதர். குளிர்காலம் முழுக்க வெறும் குச்சியாக, செத்துப்போன மாதிரி நிற்கும். மார்ச் பிறந்ததும், தெரு ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடக்கும்போதே, வேறு எந்தச் செடியும் அசைவதற்கு முன்னால், இலை ஒன்றுகூட இல்லாத குச்சியில் மஞ்சளாகப் பூக்கும். கொத்துக் கொத்தாக வருவதால் தூரத்தில் நின்று பார்த்தால் மஞ்சள்தூளைத் தூவிவிட்ட மாதிரி இருக்கும். ஐப்பசி வாக்கில் சிவப்பாகப் பழுக்கும். ஒரே புளிப்பு. கொட்டையை எடுத்துவிட்டுக் காயவைத்து மருந்துக்குப் பயன்படுத்துகிறார்கள்.

கொரியாவின் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிற இந்தச் சின்ன ஊர் என் கணவர் சங்ஹோவின் ஊர். செடி அவருடைய அப்பா வைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மார்ச் மாதம், இந்தச் செடி பூப்பதைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்து, பார்க்காமலே சங்ஹோ இறந்துபோனார். அந்த வருடம் செடி பூக்கவில்லை. ஏன் பூக்கவில்லை என்றால், என் அம்மா அதை வெட்டிவிட்டாள்.

அம்மாவை நான் மன்னிக்கவில்லை. அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதும் இல்லை. ஊருக்குப் போகாததற்கு மகள் சுஜியின் பள்ளிக்கூடம், விசா, வேலை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் இதுதான்.

பூத்த அன்றைக்கே தம்பி அருள் எங்கள் ஊர் மண்ணூரிலிருந்து போன் பண்ணினான். பூவைப் பற்றி அவனுக்குத் தெரியாது. அவன் கவலை முருங்கை மரம். அம்மா அதை வெட்டவிட மாட்டேன் என்று மூன்று வருடமாக அடம் பிடிக்கிறாளாம். "அக்கா, நீ ஒரு வார்த்த சொல்லு. செவுரு பூரா கம்பளிப்பூச்சி. எம் பாப்பாவுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிப்போயி கீது. நான் அரிவாள எடுத்தா போதும், மரத்தண்ட போயி நின்னுகினு அழுவுது" என்றான். வயதாகிறது, பிடிவாதம் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

2

நான் முன்பு எழுதிய குறிப்புகளைப் படித்த தோழிகள் சிலர், கொரியாக்காரனை எப்படிடீ பிடித்தாய் என்று கேட்டிருந்தார்கள். நான் பிடிக்கவில்லை. ஆவாரம்பூ பிடித்துக் கொடுத்தது.

ஒரகடத்தில் காருக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டுகளைச் செய்கிற ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். மண்ணூர் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் ஷிப்ட் முடிந்து அதே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே திரும்புவது. மேஜைக்கு எதிரே ஒரு போர்டில் இரண்டு மாதிரிகள் தொங்கும். ஒன்று ஓகே பீஸ். இன்னொன்று என்ஜி பீஸ். என்ஜி என்றால் உதவாதது, தள்ளு என்று அர்த்தம். கையில் வருகிற ஒவ்வொன்றையும் அந்த இரண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பிரிக்க வேண்டும். சங்ஹோ எங்களுக்குத் தரம் பார்க்க வந்த என்ஜினியர். நாங்கள் பாஸ் பண்ணியதை எல்லாம் மறுபடி எடுத்து, லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முதல் பார்வையில் அவர் எதையும் ஓகே என்று சொன்னதே கிடையாது. லைனில் அவருக்கு வைத்த பெயர் என்ஜி சார்.

அவருடைய தமிழ் லைனில் பொறுக்கியது. "இன்னா பிரச்சனை?" என்பதுதான் அவர் கற்ற முதல் வாக்கியம். அடுத்தது "கீது", "இல்ல". இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு வருடம் ஓட்டினார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியின் பின்பக்க மதிலோரம் அவர் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். லாரிப் புழுதி படிந்த ஆவாரஞ்செடி ஒன்று பூத்திருந்தது. போனில் இருந்த படத்தையும் பூவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என்னைக் கண்டதும், "இது சன்சுயு?" என்று கேட்டார். ஆவாரம் சார் என்றேன். ஒரு பூவைக் கிள்ளி, ஒயர் முனை டெர்மினலைப் பார்ப்பது போல இதழ் இதழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ஜி" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்கு முன்னால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் நடந்த ரகளையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி, மாதா கோயிலில் வைத்துத் தாலி கட்டுவானா என்று. அவரும் ஞானஸ்நானம் வாங்கியவர்தான் என்று தெரிந்ததும் பாதி ஆறினாள். மீதி, அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து ஆறினாள். முருங்கைக்காயை நாரோடு மென்று முழுங்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டியவரை அவள் அதுவரை கண்டதில்லை.

வருடாவருடம் காய்ப்பு ஓய்ந்ததும் அம்மா முருங்கையை மொட்டையாக வெட்டுவாள். வெட்டாவிட்டால் கிளை வானத்துக்குப் போய்விடும், கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வரும். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு ஏணி பிடிக்கிற வேலை சங்ஹோவுடையது. முதல் வருடம் வெட்டி முடித்ததைப் பார்த்து முகம் வெளிறி, "ஸ்டெல்லா, அம்மா மரம் கொன்னுட்டாங்க" என்றார். அடுத்த மாதமே மரம் முழுக்கத் துளிர்த்ததைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துத் தன் ஊருக்கெல்லாம் அனுப்பினார். அதற்கப்புறம் அருள் ஏணியைத் தொட்டால்கூட அவருக்குப் பிடிக்காது.

3

சுஜி பிறந்து நாலு வயதானபோது அவருக்கு இந்தியாவில் வேலைக்காலம் முடிந்து இங்கே வந்துவிட்டோம். வந்ததும் முதலில் என் பெயர் போனது. ஏ. ஸ்டெல்லா என்று இருந்தவளை, பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து ஸ்டெல்லா அந்தோணி ஆக்கியிருந்தார்கள். இங்கே கடைசிப் பெயர்தான் பெயர். மருத்துவமனையில், பள்ளியில், வேலை செய்கிற காளான் தொழிற்சாலையில், எங்கும் என்னை அந்தோணி என்று அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா உயிரோடிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மொழி வந்துவிட்டது என்று சொல்லலாம், மரியாதைதான் வரவில்லை. இங்கே நாய் சாவதற்கு ஒரு சொல், மனிதர் இறப்பதற்கு இன்னொரு சொல். மனிதருக்கு உரிய சொல்லின் பொருள் திரும்பிப் போனார் என்பது. சங்ஹோவின் சாவுக்கு வந்தவர்களிடம் நான் முதல் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கறுப்பு உடுத்திய பெண்கள் குனிந்து வணங்கிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது எட்டு வயதாயிருந்த சுஜிதான் என் கையை அழுத்தித் திருத்தினாள்.

அவர் போன பிறகு விசாவைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வருடாவருடம் போக வேண்டும். கணவர் இல்லை என்பதற்கு ஒரு காகிதம், குழந்தையை நான்தான் வளர்க்கிறேன் என்பதற்கு ஒரு காகிதம். போன வருடம் கவுன்டரில் இருந்தவர் வேகமாக ஏதோ கேட்டார். சுஜியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றாள். எனக்குப் புரிந்துதான் இருந்தது. மறுமணம் செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டிருந்தார். பத்து வயதுப் பெண் அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்க மாட்டேன் என்று தானே முடிவு செய்துகொண்டாள்.

அந்த ஒருநாள் தவிர சுஜி என்னிடமிருந்து விலகிக்கொண்டேதான் போகிறாள். தமிழில் கேட்டால் கொரிய மொழியில் பதில் வரும். ரசம் வைத்தால் ஜன்னலைத் திறந்துவிடுவாள். பள்ளிக்கூடத்து வாசலில் நிற்காதே, முக்கில் நில்லு என்கிறாள். அம்மாவோடு வீடியோ கால் என்றால் கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். அவளைச் சொல்லி என்ன, நானே அம்மாவிடம் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு முடித்துக்கொள்பவள்தானே.

4

சங்ஹோவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. தெரிந்தபோதே ரொம்பத் தாண்டியிருந்தது. டாக்டர் காலக்கணக்கு எதுவும் சொல்லவில்லை, வசந்தம் வரை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான். சுஜியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டை என்ன செய்வது, எதற்கும் "சன்சுயு பூக்கட்டும், பாக்கலாம்" என்று தமிழில் சொல்வார். முக்கியமான விஷயங்களைத் தமிழில்தான் பேசுவார், சுஜிக்குப் புரியக்கூடாது என்று. இங்கே வந்து தமிழை மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தோம், அவளுக்குப் புரியும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அம்மாவை வரவழைத்தது அவர்தான். படுக்கையிலிருந்தே விண்ணப்பம் நிரப்பினார். அக்டோபரில் அம்மா வந்து இறங்கினாள், முருங்கைக்கீரைப் பொடி, வடாம், ஊறுகாய், மூன்று சுவெட்டரோடு. அவளால் சும்மா உட்கார முடியாது. வெளியே போனால் மொழி தெரியாது, உள்ளே இருந்தால் எல்லாம் மிஷின் செய்கிறது. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பாள்.

நவம்பரில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து நான் கூடவே இருந்தேன். சில நாள் கழித்துத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தால், கேட்டருகே சன்சுயு இடுப்பு உயரத்துக்கு மொட்டையாக நிற்கிறது. வெட்டிய கிளைகளை ஒரே அளவாகக் கழித்து, கயிறு போட்டுக் கட்டி, பின்பக்கச் சுவரில் விறகாகச் சாத்தி வைத்திருந்தாள். விறகு அடுப்பே இல்லாத வீட்டில். "காப்பு முடிஞ்சிபோச்சுடி, பூச்சி வேற வெச்சிருந்துச்சு. வெட்டி வுட்டேன். தையில பாரு, எப்டித் துளுக்குதுன்னு" என்றாள். நன்றாக வேலை செய்த முகம் அவளுக்கு. எனக்கு அன்றைக்கு அதை யோசிக்கவெல்லாம் தெம்பில்லை. நானும் அந்தச் செடியை மூன்று வசந்தம் பார்த்தவள்தான். பார்த்தேனே தவிர கவனித்ததில்லை.

டிசம்பரில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கேட் வழியாகத் தூக்கி வந்தோம். பனி பெய்துகொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தார் என்றுதான் நினைத்தேன். அவர் படுத்த அறைக்கு வாசல் தெரியாது, பின்பக்கத்து மலை மட்டும் தெரியும்.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டு அம்மாள்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். சன்சுயு கோடையிலேயே அடுத்த வருடத்து மொட்டை வைத்துவிடுமாம். மிளகளவு உருண்டையாகக் குச்சி நுனியில் வைத்து, பனிக்காலம் முழுக்க மூடிக் காத்திருக்குமாம். நுனியை வெட்டினால் பூ போச்சு. வெட்டிய இடத்தில் வருகிற புதுக் கிளை இரண்டு வருடம் இலைதான் விடும், பூக்க நாளாகும். பூத்து முடிந்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும், அதுவும் கொஞ்சமாக. யார் வெட்டியது என்று கேட்டார். ஆள் வைத்து வெட்டினோம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

வந்த வேகத்தில் அம்மாவின் அறைக்குப் போனால், ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அந்தக் குச்சிகளை ஒரு கட்டு உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறாள். தரைக்கு அடியில் சூடு ஓடுகிற அறை. தண்ணீர் நாறிப்போயிருந்தது. வீடே மருந்து வாசனையில் கிடக்கிறது, இதில் இது வேறா என்று கத்தி, பக்கெட்டைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

5

மார்ச் பிறந்ததும் அவர் தினமும் காலையில் கேட்க ஆரம்பித்தார். பூத்ததா என்று. மொட்டு விட்டிருக்கிறது என்றேன். அடுத்த நாள், மொட்டு பெருத்திருக்கிறது என்றேன். இப்படி எத்தனை நாள்தான் சொல்வது?

ஒருநாள் காலையில் பின்பக்கத்து மலையில் மரங்களுக்கு நடுவே மஞ்சளாகத் தெரிந்தது. சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு ஏறினேன். பனி உருகிய சேற்றில் இரண்டு முறை விழுந்தேன். அதே மாதிரி குச்சி, அதே மாதிரி இலையில்லாத மஞ்சள் கொத்து. சன்சுயு காட்டிலும் வளர்கிறதே என்று அழுகையே வந்துவிட்டது. நல்ல கிளையாக ஒன்று வெட்டி வந்து, காலி சோயா பாட்டிலில் தண்ணீர் விட்டு அவர் தலைமாட்டில் வைத்தேன். நம் செடி பூத்துவிட்டது என்றேன்.

அந்த நேரம் அம்மா கஞ்சியோடு உள்ளே வந்தாள். வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "இன்னாடி, இஞ்சி நசுக்கினியா? வாசன தூக்குது" என்றாள். இல்லையே என்றேன். சங்ஹோ சிரித்தார். சிரித்தால் வலிக்கும் அவருக்கு, ஆனாலும் சிரித்தார். "ஆமாம்மா, இஞ்சி கீது" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு கிளையைக் கேட்டார். கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒயர்க் கட்டைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூவின் அடியைக் கட்டைவிரலால் தொட்டார், பட்டையைத் தடவினார். கடைசியில் என்னைப் பார்த்து, "ஓகே" என்றார்.

அதற்குப் பிறகு பூ பூத்ததா என்று அவர் கேட்கவில்லை. கிளையில் பூ வாடி உதிர்வதற்கு முன்னால் இறந்துபோனார்.

ஏப்ரலில் அம்மாவை விமான நிலையத்தில் விட்டேன். உள்ளே போகுமுன் என் கன்னத்தைத் தொட வந்தாள். நான் போர்டில் விமான நேரத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். ஒரு மனிதனுடைய கடைசி ஆசையை ரம்பத்தால் அறுத்துவிட்டு, எதுவும் தெரியாமல் சுவெட்டரை மடித்து வைத்துக்கொண்டு போகிறாளே என்று இருந்தது. அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

6

இந்த வாரம், செடி பூத்த இரண்டாம் நாள், சுஜிக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஊரில் முதலில் பூக்கிற மஞ்சள் பூக்களைக் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும். ஒரு குச்சி கேட்டருகே உடைத்துக்கொண்டாள். இன்னொன்று மலையில் இருக்கிறது, நீயும் வா என்றாள். அவள் என்னைக் கூப்பிட்டதே அதிசயம். போனேன்.

நான் அன்றைக்கு வெட்டிய அதே மரத்தருகில்தான் போய் நின்றாள். சுள்ளியை முறித்து என் மூக்கருகே நீட்டினாள். இஞ்சி. தோல் சீவி அம்மியில் வைத்துத் தட்டிய இஞ்சி வாசனை.

இதன் பெயரே இஞ்சி மரம்தான், சன்சுயு இல்லை என்றாள். பாடம் நடத்துகிற மாதிரி இரண்டு குச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நம் செடியில் ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாகக் காம்பு உண்டு, குடைக் கம்பி மாதிரி விரிந்திருக்கும். இதில் பூ கிளையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நம் செடியின் பட்டை செதில் செதிலாக உரியும், இது வழவழவென்று இருக்கிறது. ஒரு பக்கம் ஓகே பீஸ், ஒரு பக்கம் என்ஜி பீஸ். அத்தனை வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணினவள் நான், ஒரு பூவைத் திருப்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டேன்.

அப்பா என்றாள். "நீ அன்னிக்குக் கிளை கொண்டுவந்தியே. நீ தட்டு கழுவப் போனதும் என்னைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். இது இஞ்சி மரம், ஆனா அம்மாகிட்ட சொல்லாதேன்னார். பாட்டிகிட்டயும் சொல்லக்கூடாதுன்னார். பாட்டிக்கு முருங்கை மரம்தான் தெரியும், அது வெட்டினா வளரும், அதனால பாட்டி மேல தப்பு இல்லைன்னார்." இதெல்லாம் கொரிய மொழியில்தான் சொன்னாள். முருங்கை என்ற ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள்.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்ட்ரெச்சரில் வந்த அன்றைக்கே அவர் கண்ணைத் திறந்து செடியைப் பார்த்திருக்கிறார். டிசம்பரிலிருந்து அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் பூத்ததா என்று கேட்டிருக்கிறார், உண்மையை நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாரோ, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாங்கள் நம்ப வேண்டும் என்று கேட்டாரோ, எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. என்ஜி சார் வாழ்நாளில் ஒரே ஒரு என்ஜி பீஸைத் தெரிந்தே பாஸ் பண்ணினார். அது நான் கொண்டுபோய்க் கொடுத்தது.

7

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அருள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா முருங்கை நிழலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். மரம் கூரைக்கு மேலே எங்கேயோ போயிருந்தது, கிளைகள் தாறுமாறாக ஒடிந்து தொங்கின. ஏனம்மா வெட்டவிட மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன்.

"பூவு கீதுடி" என்றாள்.

முருங்கையில் எப்போதும்தானே பூ இருக்கும் என்றேன்.

அவள் பக்கத்தில் உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "வெட்டறப்ப நமக்கு இன்னா தெரியுது? உள்ள இன்னா வெச்சிகினு கீதுன்னு அதுக்குத்தான தெரியும்."

அந்தச் செடியைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். தை மாதத்தில் துணி காயப்போட ஒரு கொம்பு வேண்டும் என்று விறகுக் கட்டை அவிழ்த்திருக்கிறாள். "நுனியில மொளகாட்டம் ஒண்ணு இருந்துச்சு. நகத்தால கீறிப் பாத்தேன். உள்ள மஞ்சளு. ஐயோ மாதாவே, புள்ள காத்துகினு கெடக்குற பூவ இல்ல அறுத்துட்டேன்னு ஈரக்கொல ஆடிப்போச்சு. பக்கெட்டுல தண்ணி வுட்டு சூட்டுல வெச்சேன், ஒண்ணாச்சும் கண்ணு தொறக்குமான்னு. தெனம் ராவும் பகலும் பாத்துகினு இருந்தேன்."

நான்தானே அதைக் கொண்டுபோய்க் கொட்டினேன் என்றேன்.

"அது அப்பவே காஞ்சிதான் போயிருந்துச்சு. நீ ஒண்ணியும் பண்ணல" என்றாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, உனக்கு அழுவதற்கு அப்போது வேறு விஷயம் இருந்தது என்றாள். விமான நிலையத்தில் நான் முகத்தைத் திருப்பியபோதே செடி விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதனால் அவளும் கேட்கவில்லை.

சங்ஹோவுக்கு எல்லாம் தெரியும் என்பதையும், சுஜியிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதையும் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியே அழுதாள். சுஜி என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், அம்மாவுக்குச் செடியைக் காட்டினாள். அம்மா அதைப் பூத்துப் பார்த்ததே இல்லை. இந்த மூன்று வருடத்தில் ஒரு படம்கூட நான் அவளுக்கு அனுப்பியதில்லை.

"இன்னும் கிட்ட காட்டு" என்றாள் அம்மா. சுஜி கிளையை இழுத்து ஒரு கொத்தைக் கேமரா முன் பிடித்தாள்.

"இம்மாத்தூண்டா?" என்றாள் அம்மா. "நான் செம்பருத்தியாட்டம் பெருசா இருக்கும்னு நெனச்சிகினு கீறேன், இத்தினி நாளா."

நான் போனை வாங்கிக்கொண்டேன். மரத்தை வெட்டிவிடும்மா, அது வெட்டினால் துளிர்க்கிற மரம், குழந்தைக்கு வேறு உடம்பெல்லாம் தடிக்கிறதாமே என்றேன். அம்மா அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள்.

"வெட்டலாம்" என்றாள். "ஏணி புடிக்க ஆள் இல்லியேடி."

அருள் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். சுஜிக்கு லீவு விட்டதும் வருகிறோம், அதுவரை அது அப்படியே இருக்கட்டும், வந்து நான் பிடிக்கிறேன் என்றேன்.